புளோக்கிற்குப் பின்னால் ஒரு காடு: நகரவாசிகள் அதில் எதைத் தேடுகிறார்கள்?

சிங்கப்பூரில் நீங்கள் வசிக்கும் புளோக்கின், அதாவது அடுக்குமாடிக் கட்டடத்தின், பின்னால் உள்ள காட்டின் ஒரு பகுதி இயற்கைப் பூங்காவாகப் போகிறது என்றும், குடியிருப்பாளர்களின் கருத்தைக் கேட்டு ஒரு படிவம் வந்திருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். விளக்கு, கழிப்பறை, சைக்கிள் பாதை, பார்வைக் கோபுரம், பிள்ளைகள் விளையாடும் இடம் என்று நீளும் அந்தப் பட்டியலில் எல்லாவற்றையும் குறித்தால் காடு காடாக மிஞ்சாது, எதையுமே குறிக்காவிட்டால் வயதான உங்கள் அம்மாவால் உள்ளே நடக்கவே முடியாது என்பது உங்கள் தயக்கம். நகரத்தில் வாழ்கிறவர்கள் காட்டிடம் உண்மையில் எதைத்தான் எதிர்பார்க்கிறார்கள் என்பது உங்கள் கேள்வி.

வசதிகளைப் பட்டியலிட்டுக் கேட்டால் மக்கள் வசதிகளையே பதிலாகச் சொல்வார்கள். ஆனால் கழிப்பறை இருக்கிறது என்பதற்காக யாரும் காட்டுக்குப் போவதில்லை. அது இல்லாததால் போகாமல் இருப்பவர்கள்தான் நிறையப் பேர். ஒருவரைக் காட்டுக்கு இழுப்பது எது, அவரை வாசலிலேயே தடுத்து நிறுத்துவது எது என்ற இரண்டையும் பிரித்துப் பார்த்தால் உங்கள் படிவத்தை நிரப்புவது எளிதாகிவிடும்.

இழுப்பவற்றில் முதலாவது அருகாமை. பல நாடுகளின் ஆய்வுகளும் இதையே காட்டுகின்றன: வீட்டிலிருந்து நடந்து போகக்கூடிய தூரத்தில் இருக்கும் சாதாரணமான மரக்கூட்டத்துக்கு மக்கள் அடிக்கடி போகிறார்கள், பேருந்து மாறிப் போகவேண்டிய அழகான காட்டுக்கு எப்போதாவதுதான் போகிறார்கள். நகரக் காடுகளை ஆராயும் சேசில் கொனைனென்டைக் என்பவர் 2021இல் முன்வைத்த விதி இப்போது பல நகரங்களில் பேசப்படுகிறது: வீட்டு சன்னலிலிருந்து 3 மரங்களாவது தெரியவேண்டும், வட்டாரத்தில் 30 விழுக்காட்டுக்கு மர நிழல் இருக்கவேண்டும், 300 மீட்டருக்குள் ஒரு பூங்கா இருக்கவேண்டும். சிங்கப்பூரின் பசுமைத் திட்டமும் 2030க்குள் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பத்து நிமிட நடையில் ஒரு பூங்கா இருக்கவேண்டும் என்கிறது. ஆனால் பூங்கா வேறு, காடு வேறு. புக்கிட் தீமா, மெக்ரிட்சி ஆகிய பெயர்பெற்ற காடுகள் தீவின் நடுவில் இருக்கின்றன. கிழக்கே தெம்பனிசிலோ வடகிழக்கே பொங்கோலிலோ வசிக்கும் ஒருவருக்கு அங்கே போய்வருவது அரைநாள் வேலை.

அதனால்தான் பெயர்ப்பலகைகூட இல்லாத காடுகள் இங்கே இவ்வளவு பற்றுதலுக்கு உரியவையாகிவிட்டன. கைவிடப்பட்ட ரப்பர்த் தோட்டங்களிலும் காலிசெய்யப்பட்ட கம்பங்களிலும் (பழைய கிராமங்களிலும்) அல்பீசியா மரங்கள் தாமாக முளைத்து உயர்ந்து உருவான இந்த இரண்டாம்நிலைக் காடுகளைத் தாவரவியலாளர்கள் ஆதிக் காட்டுக்குச் சமமாக வைப்பதில்லை. சுற்றிலும் வாழ்கிறவர்கள் அந்தத் தரவரிசையைப் பொருட்படுத்துவதும் இல்லை. 2020 இறுதியிலும் 2021 தொடக்கத்திலும், கொவிட் காரணமாக வெளிநாட்டுப் பயணம் நின்றுபோயிருந்த நேரத்தில், கிளமெண்டி காட்டுக்குள் கூட்டம் கூட்டமாக மக்கள் நடக்கத் தொடங்கினார்கள். அதே நேரத்தில்தான் உலு பாண்டான் பகுதியிலுள்ள, சுமார் 33 ஹெக்டர் பரப்புள்ள டோவர் காட்டில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகள் கட்டும் திட்டம் பற்றிய விவாதமும் சூடுபிடித்தது. கருத்துச் சொல்வதற்கான காலத்தை நீட்டிக்கவேண்டி வந்தது. 2021 ஜூலையில் கிழக்குப் பகுதியில் வீடுகள் கட்டுவது என்றும், மேற்குப் பகுதியை இப்போதைக்குத் தொடாமல் விடுவது என்றும் முடிவு அறிவிக்கப்பட்டது. அந்த விவாதத்தில் குரல் கொடுத்தவர்கள் எல்லாரும் காட்டுக்குள் நடந்தவர்கள் அல்லர். காலையில் சன்னலைத் திறந்தால் வரும் காற்று, குயிலின் கூவல், பார்வைக்கு எட்டிய வரை பச்சை, இவ்வளவுதான் பலருக்கு அந்தக் காடு. உள்ளே கால் வைக்காமலே அவர்கள் அனுபவிப்பதும் பொழுதுபோக்குதான். திட்டம் போடுகிறவர்கள் இந்த வகைப் பயனாளிகளைப் பெரும்பாலும் கணக்கில் சேர்ப்பதில்லை, ஏனென்றால் இவர்கள் எந்த வாசலிலும் எண்ணப்படுவதில்லை.

இரண்டாவது, விலகியிருக்கும் உணர்வு. மனம் களைப்பாறுவதைப் பற்றி ஆராய்ந்த உளவியலாளர்களான ரேச்சல் கப்லானும் ஸ்டீபன் கப்லானும், ஓர் இடம் களைப்பைப் போக்கவேண்டுமானால் அன்றாடத்திலிருந்து விலகிவிட்டோம் என்ற உணர்வையும், முயற்சியில்லாமல் கவனத்தைப் பிடித்துவைக்கும் ஏதோ ஒன்றையும், தனி உலகம் என்று தோன்றும் அளவுக்கு ஒரு விரிவையும் அது தரவேண்டும் என்றார்கள். போனவர் செய்ய நினைத்த காரியத்துக்கு அந்த இடம் ஒத்துவரவேண்டும் என்பது அவர்கள் சொன்ன நான்காவது. இதில் விரிவு என்பது பரப்பளவு மட்டுமன்று. சின்னக் காட்டிலும் பாதை வளைந்து போனால், அடுத்த திருப்பத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் இருந்தால், எதிர்ப்புற அடுக்குமாடிக் கட்டடம் இலைகளுக்குப் பின்னால் மறைந்தால், விரிவு வந்துவிடும். நேராக வெட்டிய அகலமான பாதை பெரிய காட்டையும் சுருக்கிக் காட்டும். இங்கே அமைக்கப்படும் பாதைகள் பெரும்பாலும் தேவைக்கு மேல் அகலமாகவும் தேவைக்கு மேல் நேராகவும் இருக்கின்றன என்பது என் எண்ணம். பராமரிப்பு வண்டி போகவேண்டும் என்பார்கள். அது உண்மைதான் என்றாலும், எல்லாப் பாதையிலும் போகவேண்டியதில்லை.

ஓசையும் இதில் சேர்ந்தது. விரைவுச்சாலை இரைச்சல் கேட்கும் தூரத்தில் இருப்பவர்கள்கூட இலைச் சலசலப்பும் சில்வண்டும் அதை மூழ்கடிக்கும் இடமாகப் பார்த்து உட்காருவதைக் காணலாம். சத்தமாகப் பாட்டு ஒலிக்கவிட்டு நடப்பவர் மீது மற்ற நடையர்களுக்குக் கோபம் வருவதும் இதனால்தான்.

மூன்றாவது நிழல். ஐரோப்பாவில் காட்டில் வெயில் விழும் திறந்தவெளியை விரும்புவார்கள். நமக்கு வேண்டியது அதற்கு நேர்மாறானது. பகல் பதினொரு மணிக்கு வீவக திடலில் நிற்க முடியாத நேரத்தில் மரக்கிளைகள் கூரைபோல மூடிய மரக்கவிகையின் கீழ் நடக்க முடியும் என்பதே இங்கே காட்டின் பெரிய கவர்ச்சி. பாதையை அகலப்படுத்த இரு பக்கமும் மரங்களை எடுத்தால் மேலே கவிகை பிளந்துபோகும், நிழலும் போய்விடும், ஈரம் காய்ந்து ஓரத்தில் களைச்செடிகள் ஏறும். அகலத்தைப் பற்றி நான் மேலே குறைப்பட்டுக்கொண்டதற்கு இதுவும் காரணம்.

இனித் தடுப்பவை. இங்கேதான் உங்கள் அம்மா வருகிறார்.

2030 வாக்கில் சிங்கப்பூரர்களில் நால்வரில் ஒருவர் 65 வயதைத் தாண்டியிருப்பார். மூத்தோருக்கு ஏற்ற பாதை என்றவுடன் பலர் சிமெண்டுத் தளத்தையும் கைப்பிடியையும் நினைக்கிறார்கள். அதைவிட முக்கியமானவை சிறு விவரங்கள். பெஞ்சுக்குக் கைச்சட்டம் வேண்டும். அது இல்லாத பெஞ்சில் முட்டிவலிக்காரர் உட்கார்ந்துவிடலாம், ஊன்றி எழ முடியாது. ஒரு பெஞ்சில் இருந்து பார்த்தால் அடுத்த பெஞ்சு கண்ணுக்குத் தெரியவேண்டும், அப்போதுதான் அதுவரை நடக்கத் துணிவு வரும். படிகளைவிடச் சரிவு நல்லது. நிழலில் பாசி பிடித்து மழைக்குப் பின் வழுக்கும் மரப்பலகைக்குச் சொரசொரப்பான மேற்பரப்பு வேண்டும்.

இதற்கு நல்ல பாடமாக இருப்பது தெலுக் பிளாங்கா குன்றின் மரங்களுக்கு நடுவே போகும் ‘ஃபாரஸ்ட் வாக்’ என்னும் உயர்நடைபாதை. 1.3 கிலோமீட்டர் நீளத்துக்கு இரும்புச் சட்டங்களின் மேல் வளைந்து வளைந்து, சக்கர நாற்காலி ஏறும் அளவுக்கு மெதுவான சரிவில் போகிறது. மண்ணை மிதிக்காமல், வேரைச் சிதைக்காமல், மரங்களின் இலைத்திரளைக் கண் மட்டத்தில் காட்டுகிறது. தளம் வலைபோன்ற இரும்புக் கம்பிகளால் ஆனது, மழைநீரும் வெளிச்சமும் கீழே உள்ள செடிகளுக்குப் போகட்டும் என்பது அதன் பயன். ஆனால் அதே வலை வழியாகக் கீழே பள்ளம் தெரிவதால், சில மூத்தோர் பார்வையை நேரே நிறுத்தி, ஒரு கையால் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, ஓரமாகவே நடக்கிறார்கள். வசதியும் சூழலியலும் ஒருசேர நன்றாக யோசிக்கப்பட்ட இடத்திலும் இப்படியொரு சிறிய இடறல் இருக்கும். உங்கள் பூங்காவில் உயர்நடைபாதை வருவதானால், நடுவில் ஒரு பட்டையை மட்டும் அடைத்த தளமாகக் கேளுங்கள்.

கழிப்பறையைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. வாசலில் கட்டாயம் வேண்டும், உள்ளே வேண்டாம்.

விளக்குதான் சிக்கலானது. ஆண்டு முழுவதும் இங்கே சூரியன் ஏழு மணியளவில் உதித்து ஏழு மணியளவில் மறைகிறது. இயற்கை வனப்பகுதிகளின் நேரமும் காலை 7 முதல் மாலை 7 வரைதான். அலுவலகத்திலிருந்து ஆறரைக்கு வீடு சேரும் ஒருவருக்கு வார நாள்களில் காடு கிடையவே கிடையாது. அவர் விளக்குக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் எறும்புத்தின்னி, மரநாய், மரத்துக்கு மரம் காற்றில் சறுக்கிப் போகும் கொலுகோ, தேவாங்கு ஆகியவை எல்லாம் இருட்டிய பிறகு வெளிவருபவை. வெளிச்சம் பாய்ந்த பாதை அவற்றுக்கு வேலி போட்டது போலாகிவிடும். விளக்கு வைத்தால் பாதுகாப்பு வந்துவிடும் என்பதும் முழு உண்மையன்று. இருண்ட காட்டின் நடுவே ஒளிரும் பாதையில் நடக்கும் பெண் எல்லார் கண்ணுக்கும் தெரிவார், அவருக்கோ வெளிச்ச வட்டத்துக்கு அப்பால் எதுவும் தெரியாது. பெண்கள் தனியாக நடக்கத் தயங்குவதற்குப் பாதையை ஒட்டி அடர்ந்த புதர், தப்பிப் போக வேறு வழியில்லாத நீண்ட ஒற்றைப் பாதை, ஆள் நடமாட்டமின்மை ஆகியவையே பெரிய காரணங்கள். ஆகவே காட்டின் வெளி விளிம்பை ஒட்டி, புளோக்குகளின் பக்கமாக, விளக்குள்ள ஒரு பாதை இருக்கட்டும். அதுவே பூங்கா இணைப்புப் பாதையாகவும் இருக்கலாம். உட்பாதைகள் இருட்டோடு மூடிக்கொள்ளட்டும். ஓட்டக்காரர்களும் வேலை முடிந்து வருபவர்களும் விளிம்புப் பாதையில் நிறைவடைவார்கள் என்றே நினைக்கிறேன், ஏனென்றால் அவர்களுக்கு வேண்டியது குளிர்ந்த காற்றும் தடங்கலற்ற நீளமும்தான்.

விரும்புகிறவர்களுக்குள்ளேயே மோதல் வரும் இடங்களும் உண்டு. மிகத் தெளிவானது சைக்கிளும் நடையும். செஸ்ட்நட் இயற்கைப் பூங்காவில் இதற்கு நேரடித் தீர்வு கண்டார்கள்: சுமார் 81 ஹெக்டர் பரப்பில் மலைச் சைக்கிளுக்கு ஒரு தடமும் நடப்பவர்களுக்கு வேறொரு தடமும். அது பெரிய இடம் என்பதால் முடிந்தது. உங்கள் காடு சிறியதானால் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கவேண்டியிருக்கும், அப்போது நடையைத் தேர்ந்தெடுங்கள். சைக்கிளோட்டிகள் என்னைக் கோபித்துக்கொள்ளலாம். அவர்களுக்குச் செஸ்ட்நட்டும் புலாவ் உபினும் இருக்கின்றன, நடக்க வேறிடம் தேடிப்போக உங்கள் அம்மாவால் முடியாது.

கூட்டம் காட்டை எப்படித் தேய்க்கிறது என்பதற்குப் புக்கிட் தீமாவைவிடச் சிறந்த சான்று இல்லை. 1883இலேயே வனக் காப்பிடமாக ஒதுக்கப்பட்ட, 163 ஹெக்டர் அளவே உள்ள அந்தக் காட்டின் உச்சிக்கு வாரயிறுதிகளில் குடும்பங்களும், வெளிநாட்டு மலையேற்றங்களுக்குப் பயிற்சி எடுப்பவர்களும் முதுகுப்பையுடன் ஏறுவார்கள். மழை பெய்து பாதையில் சேறு தேங்கினால் யாரும் சேற்றில் கால் வைப்பதில்லை, ஓர் அடி தள்ளி ஓரத்துச் செடியை மிதித்துப் போவார்கள். அடுத்த வாரம் அந்த ஓரமே பாதையாகிவிடும். இப்படிப் பாதை அகன்று, மண் கரைந்து, வேர்கள் வெளியே தெரியத் தொடங்கின. சரிவுகளை உறுதிப்படுத்தவும் பாதைகளைச் சீர்செய்யவும் 2014 செப்டம்பரில் அது மூடப்பட்டு, 2016 அக்டோபரில்தான் முழுமையாகத் திறக்கப்பட்டது. இப்போது மண் கரையும் இடங்களில் பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள். காலடியைத் தரையிலிருந்து உயர்த்திவிட்டால், பக்கத்தில் விலகி மிதிக்க யாருக்கும் தோன்றாது. இந்தப் பாரத்தைப் பகிர்ந்துகொள்ளவே வனப்பகுதிகளைச் சுற்றிலும் வின்சர், தாம்சன், ரைஃபிள் ரேஞ்ச் போன்ற இயற்கைப் பூங்காக்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கப்பட்டன. உங்களுடையதும் அந்த வரிசையில் வருவதுதான்.

ஒவ்வொரு பாதைக்கும் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு விலையும் உண்டு. 2017 பிப்ரவரியில் தாவரவியல் பூங்காவில் 270 ஆண்டுக்கும் மேல் வயதான தெம்புசு மரம் வேரோடு சாய்ந்து ஒரு பெண் உயிரிழந்தார். மக்கள் நடக்கும் இடம் என்று ஆகிவிட்டால், அங்கே விழக்கூடிய தூரத்தில் உள்ள ஒவ்வொரு மரத்துக்கும் நிர்வாகம் பொறுப்பேற்கவேண்டும். அல்பீசியா வேகமாக வளர்ந்து எளிதில் முறியும் மரம், இரண்டாம்நிலைக் காடுகளில் அதுதான் நிறைய. ஆக, காட்டுக்குள் குறுக்கும் நெடுக்குமாகப் பாதை கேட்பது, அந்தப் பாதைகளின் இருபுறமும் உயரமான மரங்களை வெட்டச் சொல்லிக் கேட்பதற்குச் சமம். கருத்துப் படிவங்களில் இது எழுதப்பட்டிருப்பதில்லை. உள்ளே மிகச் சில பாதைகளே போதும் என்று கடைசியில் நான் சொல்லப்போவதன் முதன்மைக் காரணம் இதுதான்.

விலங்குகளைப் பொறுத்தவரை மக்களின் விருப்பம் சற்று வேடிக்கையானது. பார்க்கவேண்டும், எதிரே வந்துவிடக்கூடாது. நெடுவால் குரங்கு பிளாஸ்டிக் பையைப் பறிப்பதும் காட்டுப்பன்றி புளோக்கின் கீழே வருவதும், பெரும்பாலும் யாரோ உணவு கொடுத்துப் பழக்கியதன் விளைவு. 2020 ஜூன் முதல் எந்தக் காட்டு விலங்குக்கும் உணவளிப்பது குற்றம், முதல் முறைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கப்படலாம். வாசலில் உணவுக்கடை வேண்டும் என்று உங்கள் படிவத்தில் யாராவது எழுதினால், இதை நினைவூட்டுங்கள்.

படிவம் எட்டாத சிலரையும் சொல்லவேண்டும். டுரியான் காலத்தில் விடியுமுன் கைவிளக்கோடு காட்டுக்குள் போகும் மூத்தவர்கள் இருக்கிறார்கள். அரசு நிலத்தில் விழுந்த பழமும் அரசுக்கே சொந்தம், அனுமதியின்றிப் பொறுக்கக்கூடாது என்பது விதி. ஆனாலும் அந்தப் பழம் மட்டும் அவர்களுக்கு நோக்கமில்லை, சந்தையில் விலை கொடுத்து வாங்கத் தெரியாதவர்களும் இல்லை. தாங்கள் வளர்ந்த கம்பத்தின் மரம் எது என்று அறிந்தவர்கள் அவர்கள். தாம்சன் இயற்கைப் பூங்காவில் பழைய ஹைனானியர் கிராமத்தின் படிக்கட்டுகளையும் சுவர்களையும் இடிக்காமல் விட்டு, அவற்றினூடே பாதை போட்டார்கள். அது இந்த ஏக்கத்துக்குத் தரப்பட்ட நல்ல பதில். நம் தாத்தா பாட்டிமாரில் ரப்பர்த் தோட்டத்து வரிசை வீடுகளில் பிறந்தவர்கள் உண்டு. வெயிலில் ரப்பர்க் காய் ‘டப்’பென்று வெடிக்கும் சத்தத்தைக் காட்டில் கேட்டால் நின்றுவிடுவார்கள். உங்கள் காட்டில் பழைய ரப்பர் மரங்கள் வரிசை குலையாமல் நின்றால், அவற்றை ‘அயல் இனம்’ என்று சொல்லி எடுத்துவிடாமல் ஒரு வரிசையையாவது விட்டுவைக்கச் சொல்லலாம்.

ஞாயிற்றுக்கிழமை தங்கும் விடுதியிலிருந்து வரும் தமிழ்நாட்டுத் தம்பிகளையும் பங்களாதேஷ் ஊழியர்களையும் யாரும் குடியிருப்பாளர் என்று கருதிப் படிவம் நீட்டுவதில்லை. மரங்கள் உள்ள இடங்களை அவர்களைவிட நன்றாகப் பயன்படுத்துகிறவர்கள் குறைவு. ஐந்தாறு பேர் வட்டமாக உட்கார நிழல், குடிதண்ணீர்க் குழாய், ஊருக்கு வீடியோவில் பேசக் கொஞ்சம் சிக்னல், எழுந்து போ என்று சொல்லாத சூழல். அவர்கள் தேவை அவ்வளவுதான், செலவும் சொற்பம். சிலர் அவர்களைக் கண்டால் முகம் சுளிப்பதுண்டு. அந்தச் சுளிப்பு பெஞ்சின் நடுவே தடுப்புக் கம்பியாக மாறி வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். மேலே நான் கேட்ட கைச்சட்டம் பெஞ்சின் இரு முனைகளில் இருந்தால் போதும்.

பிள்ளைகளுக்கு ஊஞ்சலும் சறுக்குமரமும் புளோக்கின் கீழேயே இருக்கின்றன. காட்டில் அவர்களுக்கு வேண்டியது மண், கல், ஓடும் தண்ணீர், விழுந்து கிடக்கும் ஒரு மரம்.

ஆகவே படிவத்தில் இப்படி எழுதலாம் என்பது என் ஆலோசனை. கழிப்பறை, குடிநீர், சைக்கிள் நிறுத்துமிடம், கூட்டமாக உட்கார நிழல் ஆகியவை புளோக்குகளை ஒட்டிய வாசலில். விளக்குள்ள பாதை வெளி விளிம்பில். வாசலிலிருந்து பெஞ்சுகளோடும் மெதுவான சரிவோடும் சக்கர நாற்காலி போகும் ஒரு சிறிய வட்டம், அது மரக்கவிகையின் அடிக்குள் கட்டாயம் நுழைந்து வெளிவரவேண்டும், ஏனென்றால் விளிம்பிலேயே சுற்றிவிட்டுத் திரும்பினால் உங்கள் அம்மா காட்டுக்குப் போனதாக ஆகாது. அதற்கு அப்பால் ஒடுக்கமான மண் பாதை ஒன்று, ஈரமான இடங்களில் மட்டும் பலகையோடு. மீதிப் பரப்புக்குள் பாதையே வேண்டாம். பார்வைக் கோபுரத்தை அடித்துவிடுங்கள், உங்கள் புளோக்கின் மேல்மாடித் தாழ்வாரம் அந்த வேலையைச் செய்கிறது. கடைசியாக, படிவத்தில் ‘பிற கருத்துகள்’ என்ற கட்டம் இருந்தால், பாதைக்காக எத்தனை மரங்கள் வெட்டப்படும் என்ற கணக்கையும், திறந்து சில ஆண்டுகள் கழித்துப் பாதை அகலத்தையும் மண் அரிப்பையும் மறுபடி அளந்து குடியிருப்பாளர்களுக்குச் சொல்லும் ஏற்பாட்டையும் அதில் கேளுங்கள்.